கேப்சர் கார்டு வாங்கறதுக்கு முன்னாடி கேசட்டை எண்ணுங்க



தொண்ணூறுகளில் கல்யாணம் ஆனவங்களுக்கு இப்போ அறுபதாம் கல்யாணம் நடக்கிற காலம். மண்டபத்துல பெரிய எல்.இ.டி. திரை வைக்கிறாங்க. அதுல அப்பா அம்மாவோட பழைய கல்யாண வீடியோவை ஓட்டணும்னு பிள்ளைகளுக்கு ஆசை. கேசட் பீரோ மேல ஏதோ ஒரு பெட்டிக்குள்ள இருக்கு. போட்டுப் பார்க்க வீட்ல டெக் இல்லை. உடனே ஆன்லைன்ல 'வீடியோ கேப்சர் கார்டு'ன்னு தேடறாங்க. சில நூறு ரூபாய்க்கும் ஒண்ணு வருது, பதினஞ்சாயிரத்துக்கு மேலயும் ஒண்ணு வருது. ரெண்டு பெட்டியிலயும் '4கே'ன்னுதான் போட்டிருக்கு. "சார், எதை வாங்கறது?"ன்னு நம்ம சேனலுக்கு வந்து கேக்கறாங்க.

ஆடிட்டர்கிட்ட கேக்கற கேள்வியா இதுன்னு நினைக்காதீங்க. இது சுத்தமான கணக்குக் கேள்வி. எல்லாரும் கார்டு விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கறாங்க. இந்த மொத்த வேலையில கார்டோட விலைதான் சின்ன வரி. பெரிய வரிகள் வேற இடத்துல ஒளிஞ்சிருக்கு. அதைத்தான் இங்கே பிரிச்சு எழுதப் போறேன்.

கார்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை முடிவு பண்ணிக்குங்க: படம் எங்கிருந்து வரப் போகுது? பழைய கேசட்டா, கேபிள் டி.வி.யா, கேமராவா, கேம் கன்சோலா? ஒவ்வொண்ணுக்கும் கார்டு வேற. ஒரு சிலருக்குக் கார்டே தேவைப்படாது.

கேசட்டுக்கு 4கே எதுக்கு?

நம்ம ஊர் வி.எச்.எஸ். கேசட் பால் முறையில் பதிவானது. அதுல ஒரு ஃப்ரேமுக்கு மொத்தம் 625 கோடு, கண்ணுக்குத் தெரியற படம் 576 கோடு, வினாடிக்கு 25 ஃப்ரேம். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது 720-க்கு 576 அளவுல ஃபைலா வரும். அவ்வளவுதான் அதுக்குள்ள இருக்கு. வி.எச்.எஸ். டேப்போட கூர்மை அந்த அளவைக்கூட முழுசா நிரப்பாது. இதுக்குப் போய் 4கே கார்டு வாங்கறது, அரை லிட்டர் பாலுக்கு அண்டா வாங்கற கதை.

கேசட்டுக்கு வேண்டியது மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு பின் நேரடியா சொருகற அனலாக் கேப்சர் கருவி. யூ.எஸ்.பி.யில மாட்டற சின்ன டப்பா. விலை சுமார் ரூ.500-லேர்ந்து ரூ.1,500 வரைக்கும் இருக்கும்.

இங்கே ஒரு குறுக்கு வழி சொல்லுவாங்க: 'ஏ.வி.-யை எச்.டி.எம்.ஐ.-யா மாத்தற டப்பா ஒண்ணு வாங்கி, அதை எச்.டி.எம்.ஐ. கேப்சர் கார்டுல சொருகுங்க'. படம் வரும். ஆனா அந்தக் கன்வெர்ட்டர் 4-க்கு 3 அளவு படத்தை 16-க்கு 9 ஆக இழுத்துவிடும். ஒல்லியா இருந்த மாப்பிள்ளை திரையில குண்டாயிடுவார். 576 கோட்டை 1080 ஆக ஊதிப் பெருக்கறதால ஃபைல் பெருசாகுமே தவிர, இல்லாத விவரம் புதுசா வராது. கேசட்டுக்கு நேரடி அனலாக் கருவியே மேல்.

அந்த மலிவு டப்பாக்கள்ல ஒரு சிக்கல் இருக்கு. 'ஈஸிகேப்'ங்கற பேர்ல பல பேர் தயாரிக்கிறாங்க. வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே சிப் வேற வேற. ஒருத்தருக்கு அருமையா ஓடினது இன்னொருத்தருக்கு டிரைவரே கிடைக்காம கிடக்கும். அதனால விமர்சனத்துல நட்சத்திரத்தை எண்ணாதீங்க. 'விண்டோஸ் 11-ல ஓடுது', 'ஒரு மணி நேரம் ஆனாலும் சவுண்டு தள்ளிப் போகலை'ன்னு யாராவது எழுதியிருக்காங்களான்னு தேடுங்க. அது இருந்தா ரூ.1,500 குடுக்கலாம். அது இல்லாம ரூ.500-க்குக் கிடைச்சாலும் அது லாபம் இல்லை.

டெக்தான் பெரிய செலவு

கார்டு கிடைச்சிடும். கேசட்டை ஓட்டற டெக்? ஜப்பானோட ஃபுனாய் கம்பெனிதான் கடைசி வரைக்கும் வி.சி.ஆர். தயாரிச்சுக்கிட்டு இருந்தது. 2016 ஜூலையில அவங்களும் நிறுத்திட்டாங்க. இப்போ கிடைக்கிற எல்லாமே பழசுதான். பெல்ட் இளகியிருக்கும், ரப்பர் உருளை காய்ஞ்சிருக்கும், ஹெட்ல அழுக்கு இருக்கும். டேப்பை இழுத்துக் கசக்கிட்டா உங்க அம்மாவோட மாங்கல்யதாரணம் அதோட போச்சு. அதுக்கு வேற பிரதி கிடையாது.

அதனால கணக்கை இப்படிப் போடுங்க. பழைய டெக் ரூ.5,000-னு வச்சுக்குவோம். சர்வீஸ், ஹெட் க்ளீனிங் ரூ.1,000. கார்டு ரூ.1,500. கேபிள், இதர செலவு ரூ.500. மொத்தம் ரூ.8,000. வேலை முடிஞ்சதும் டெக்கை ரூ.3,000-க்கு வித்துடலாம்னா, நிகரச் செலவு ரூ.5,000.

இன்னொரு பக்கம், கேசட்டை மாத்திக் குடுக்கற ஸ்டூடியோ கடை. ஒரு கேசட்டுக்கு ரூ.400 கேக்கறாங்கன்னு வைங்க. ஐயாயிரத்தை நானூறால வகுத்தா பன்னிரண்டரை. அதாவது 12 கேசட் வரைக்கும் கடையில குடுக்கறது லாபம், 13-லேர்ந்து சொந்தமா வாங்கறது லாபம்.

இப்போ இதுல கார்டு விலையை மட்டும் மாத்திப் பாருங்க. ரூ.1,500 கார்டுக்குப் பதிலா ரூ.600 கார்டு வாங்கினா நிகரச் செலவு ரூ.4,100. சமநிலை 13-லேர்ந்து 11 கேசட்டுக்கு வருது. வெறும் ரெண்டு கேசட் வித்தியாசம். ஆனா சித்தப்பா வீட்ல ஓடற டெக் ஒண்ணு சும்மா கிடைச்சா செலவு ரூ.3,000-தான், எட்டு கேசட்லயே சொந்தமா பண்றது லாபமாயிடும். உங்க ஊர்க் கடையில ரூ.400-க்குப் பதிலா ரூ.700 கேட்டாலும் அதேதான், எட்டாவது கேசட்லேர்ந்து நம்ம பக்கம் சாயும். முடிவை மாத்தறது டெக்கும் கடைக் கூலியும். கார்டு இல்லை.

உங்ககிட்ட நாலு கேசட்தான் இருக்குன்னா கடையில ரூ.1,600-க்கு முடிஞ்சிடும். கார்டுப் பக்கமே போக வேண்டாம்.

ஆனா எண்ணும்போது உங்க வீட்டுக் கேசட்டை மட்டும் எண்ணாதீங்க. பெரியப்பா வீடு, அத்தை வீடு, மாமா வீடுன்னு எல்லார் வீட்டுப் பரண்லயும் நாலஞ்சு இருக்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம். அதுல பாதியில உங்க தாத்தா பாட்டி நடமாடிட்டு இருப்பாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டீங்கன்னா முப்பது கேசட் சாதாரணமா சேர்ந்துடும். முப்பது கேசட்டுக்குக் கடைக் கூலி ரூ.12,000. சொந்தமா பண்ணினா அதே ரூ.5,000-தான். ஆறு வீடு பங்கு போட்டா வீட்டுக்கு ரூ.850-கூட வராது.

நேரத்துக்கும் விலை போடுங்க

180 நிமிஷ கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்த 180 நிமிஷம் ஆகும். எவ்வளவு விலை குடுத்துக் கார்டு வாங்கினாலும் இது குறையாது. பென் டிரைவ்லேர்ந்து காப்பி பண்ற மாதிரி இது கிடையாது. டேப் ஓடற வேகத்துலதான் ஏறும். 13 கேசட்னா 39 மணி நேரம். முழு நேரமும் பக்கத்துல உக்கார வேண்டாம், ஆனா அந்த நேரத்துல அதே லேப்டாப்ல வேற கனமான வேலை பார்த்தீங்கன்னா ஃப்ரேம் விழுந்துடும். கேசட்டைச் சுத்தறது, ஆரம்பிச்சு விடறது, முடிஞ்சதும் சரி பார்க்கறதுன்னு கேசட்டுக்கு அரை மணி நேரம் உங்க கவனம் போகும். ஆறரை மணி நேரம், ஒரு ஞாயித்துக்கிழமை. ஃப்ரீலான்ஸ் பண்றவங்க இந்த ஆறரை மணி நேரத்துக்குத் தன் ரேட்டைப் போட்டுப் பார்த்தா, 13 கேசட்லகூட கடை லாபமா தெரியலாம். எனக்கு அப்படித்தான் தெரியும். ஆனா ரிட்டயர் ஆன அப்பாவுக்கு இந்த வேலையைக் குடுத்தா, அது அவருக்குச் செலவாவே தெரியாது.

இட வசதி: வினாடிக்கு 8 மெகாபிட் அளவுல எச்.264-ல பதிவு பண்ணினா ஒரு மணி நேரம் 3.6 ஜி.பி. 39 மணி நேரம் சுமார் 140 ஜி.பி. ஒரு 1 டி.பி. ஹார்டு டிஸ்க்ல ஓரமா உக்காரும். ஆனா ஒரு டிஸ்க் போதாது. இன்னொரு பிரதி வேற ஒரு வீட்ல இருக்கணும். இந்தச் செலவைக் கடை வழிக்கும் சேர்த்துக்கணும், ஏன்னா கடையில டி.வி.டி.யா குடுத்துட்டு முடிச்சிடுவாங்க. டி.வி.டி. வேண்டாம்னு முன்னாடியே சொல்லுங்க. இப்போ வர்ற லேப்டாப்ல டி.வி.டி. டிரைவே இல்லை. பென் டிரைவ்ல ஃபைலா கேளுங்க, 4-க்கு 3 அளவு மாறாம கேளுங்க, முதல்ல ஒரே ஒரு கேசட்டை மட்டும் குடுத்துப் பாருங்க. மொத்தப் பெட்டியையும் ஒரே தடவை கொண்டு போய்க் குடுக்கற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒண்ணு, பூஞ்சை. கடலோர ஊர்கள்ல இது ரொம்பச் சகஜம். கேசட்டோட ஜன்னல் வழியா பாருங்க. டேப் சுருளோட ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரியோ நூல் மாதிரியோ படிஞ்சிருந்தா அதை டெக்குல போடவே கூடாது. ஹெட் கெடும், அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கும். அந்தக் கேசட் மட்டும் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட போகணும், கூலி கூடுதலா கேட்டாலும். பூஞ்சை இல்லாத கேசட்னா, பல வருஷமா சும்மா கிடந்ததை முதல் தடவை ஒரு முழு சுத்து முன்னாடியும் பின்னாடியும் ஓட்டிட்டு அப்புறம் ப்ளே பண்ணுங்க.

2000-க்கு அப்புறம் எடுத்த விசேஷங்கள்ல குட்டி மினி டி.வி. கேசட் இருக்கலாம். அது ஏற்கெனவே டிஜிட்டல். மஞ்சள் பின் வழியா எடுத்தீங்கன்னா டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடியும் டிஜிட்டல் ஆக்கற வீண் வேலை. அதுக்கு ஃபயர்வயர் போர்ட் இருக்கற பழைய கம்ப்யூட்டரும் அந்தக் கேமராவும் வேணும். மணிக்கு சுமார் 13 ஜி.பி. வரும், ஆனா டேப்ல இருந்தது அப்படியே வரும்.

டி.வி. ட்யூனர் கார்டு: இனி யாருக்கு?

2000-களின் நடுவுல டி.வி. ட்யூனர் கார்டு ஒரு நல்ல வாங்கல்தான். கேபிள்காரர் இழுத்துவிட்ட வயரைக் கம்ப்யூட்டர்ல நேரா சொருகினா எல்லாச் சேனலும் வரும். ஹாஸ்டல்லயும் மேன்ஷன்லயும் தனி டி.வி. செலவு மிச்சம். இன்னிக்கும் பழைய சாமான் விற்கிற தளங்கள்ல அந்தக் கார்டு ரூ.300, ரூ.400-க்கு வருது. 'முந்நூறு ரூபாய்தானே'ன்னு கை துறுதுறுக்கும்.

வாங்காதீங்க. கேபிள் டி.வி. சட்டத்தை 2011-ல திருத்தி, 2012-லேர்ந்து 2017 வரைக்கும் கட்டம் கட்டமா அனலாக் கேபிளை நிறுத்தினாங்க. தமிழ்நாட்டுல அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைச்சதே 2017-லதான், அதனால நம்ம ஊர்ல கொஞ்சம் தாமதமா நடந்தது. இப்போ வயர்ல வர்றது செட் டாப் பாக்ஸ் இல்லாம புரியாத டிஜிட்டல் சிக்னல். தூர்தர்ஷனும் தன்னோட அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள்ல பெரும்பாலானதை மூடிட்டது. அந்தக் கார்டுக்குப் பிடிக்க காத்துல ஒண்ணும் இல்லை. அதுல பாதி பழைய பி.சி.ஐ. கார்டு; இப்போ வர்ற மதர்போர்டுல அதைச் சொருகவே இடம் இல்லை.

'சரி, செட் டாப் பாக்ஸோட எச்.டி.எம்.ஐ.-யை கேப்சர் கார்டுல சொருகலாமே?' சொருகலாம், திரை கருப்பா வரும். அதுல எச்.டி.சி.பி.ன்னு ஒரு பூட்டு இருக்கு. ரூ.18,000 கார்டு வாங்கினாலும் அதே கருப்புத் திரைதான். பூட்டை மதிக்கிறது கார்டோட குறை கிடையாது. அதை உடைக்கிற ஸ்ப்ளிட்டர் ஆன்லைன்ல கிடைக்கும். காப்புரிமைச் சட்டத்துல 2012-ல சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோட இப்படிப்பட்ட பூட்டை உடைக்கிறதுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் சிறையும் அபராதமும் வச்சிருக்கு. மேட்ச் எடுத்து யூடியூப்ல போடலாம்னு யோசனை இருந்தா அதை இங்கேயே விட்டுடுங்க.

ட்யூனர்ல இன்னும் அர்த்தம் இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: டி.டி. ஃப்ரீ டிஷ் மாதிரி இலவச, பூட்டு இல்லாத செயற்கைக்கோள் சேனலைப் பிடிக்கிற டி.வி.பி.-எஸ்.2 ட்யூனர். அதுவும் பொழுதுபோக்குக்குத்தான். சாதாரண ஃப்ரீ டிஷ் பாக்ஸை வாங்கி வீட்டு டி.வி.யில மாட்டறது சுலபம், மாசக் கட்டணமும் கிடையாது.

ஒரு விதிவிலக்கு. உங்க வீட்டு மூலையில பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்து, அதுல ட்யூனர் கார்டு மாட்டியிருந்தா, அதோட பின்பக்கம் பாருங்க. மஞ்சள் பின் சொருகற ஓட்டை பல கார்டுல இருக்கும். அது ஒரு அனலாக் கேப்சர் கார்டும்கூட. விண்டோஸ்ல டிரைவர் கிடைக்காட்டியும், பழைய பல சிப்களுக்கு லினக்ஸ்ல டிரைவர் உள்ளேயே இருக்கு. டெக்கை அதுல மாட்டினா கார்டு செலவு பூஜ்யம்.

சேனல் நடத்துறவங்களுக்கு

புதுசா யூடியூப் ஆரம்பிக்கிறவங்க, ஆன்லைன் டியூஷன் எடுக்கிறவங்க அடுத்த கூட்டம். 'நல்ல கேமரா இருக்கு, கேப்சர் கார்டு மட்டும் இல்லை'ம்பாங்க. முதல்ல, எதுக்குன்னு கேட்டுக்குங்க.

வீடியோ எடுத்து, எடிட் பண்ணி, அப்புறம் ஏத்தறவங்களுக்குக் கார்டு தேவையே இல்லை. கேமராவோட மெமரி கார்டு போதும். கம்ப்யூட்டர்ல ஓடற கேமை அதே கம்ப்யூட்டர்ல பதிவு பண்ண ஓ.பி.எஸ். இருக்கு (அரசியல்வாதி இல்லை, சாஃப்ட்வேர்), இலவசம். பி.எஸ்.5 தன்னாலயே பதிவு பண்ணும். ஜூம் க்ளாஸுக்குக் கேமராவை வெப்கேமா வைக்கணும்னா, கேனான், சோனி, நிக்கான் மூணு பேருமே 2020-லேர்ந்து அதுக்கு சாஃப்ட்வேர் விட்டிருக்காங்க. உங்க மாடல் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கையில இருக்கற போனையே வெப்கேமா மாத்தலாம். இந்த எல்லா வழிக்கும் செலவு ரூபாய் சைபர்.

நேரலை பண்றவங்க, கன்சோல் கேமை முகம் தெரியற மாதிரி ஸ்ட்ரீம் பண்றவங்க, ரெண்டு கேமரா மாத்தி மாத்திக் காட்டறவங்க, இவங்களுக்குத்தான் எச்.டி.எம்.ஐ. கேப்சர் கார்டு. அப்போ பெட்டியில இருக்கற 4கே-யை நம்பாம ஒரு பெருக்கல் போடுங்க. 1080 அளவுல ஒரு ஃப்ரேம் 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளி. ஒரு புள்ளிக்கு 2 பைட், வினாடிக்கு 60 ஃப்ரேம்னா சுமார் 25 கோடி பைட். கிட்டத்தட்ட 2 ஜிகாபிட். யூ.எஸ்.பி. 2.0 குழாயோட அகலமே 480 மெகாபிட். அதனால 2.0 கார்டு படத்தை நசுக்கித்தான் அனுப்பும். பெரும்பாலும் வினாடிக்கு 30 ஃப்ரேம்தான் உருப்படியா வரும். பெட்டியில போட்ட '4கே' உள்ளே வர்ற சிக்னலுக்கு. கம்ப்யூட்டருக்குப் போறது 1080-தான்.

இது மோசடின்னு நான் சொல்லலை. பாடம் நடத்தற டீச்சருக்கு, பேசற தலை மட்டும் தெரிஞ்சா போதும்ங்கறவங்களுக்கு, அந்த ரூ.800 கார்டு தாராளம். வேகமா ஓடற கேமுக்கு யூ.எஸ்.பி. 3.0 கார்டு வேணும், அது 5 ஜிகாபிட் குழாய். எல்காட்டோ, ஏவர்மீடியா மாதிரி கம்பெனிகளோட கார்டுக்கு ரூ.10,000-க்கு மேல போகும். அதுல டி.வி.க்கு தாமதம் இல்லாம படத்தை அனுப்பற தனி வழியும் இருக்கும், விளையாடறவங்களுக்கு அதுதான் முக்கியம். வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பாருங்க: உங்க லேப்டாப்ல 3.0 போர்ட் இருக்கா, உங்க கேமராவோட எச்.டி.எம்.ஐ.-ல பேட்டரி அளவு, ஃபோகஸ் கட்டம் எல்லாம் இல்லாம சுத்தமான படம் வருதா. ரெண்டாவது இல்லைன்னா எந்தக் கார்டு வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

'டாக்ஸ்ல காட்டிக்கலாம்'

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பக்குன்னு இருக்கும். ரூ.800 கார்டு போதும்ங்கறவரை ரூ.11,800 கார்டு வாங்க வைக்கிற வார்த்தை இதுதான். ஒரு தடவை கணக்கைப் போட்டே பார்த்துடுவோம்.

ரூ.11,800-ல ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ரூ.1,800. கார்டு விலை ரூ.10,000. நீங்க சம்பளக்காரரா மட்டும் இருந்தா இதுல ஒரு ரூபாயும் கழிக்க முடியாது. சேனல் வருமானத்தை உத்தேச வரி முறையில காட்டறவரா இருந்தாலும் தனியா கழிக்க முடியாது. தேய்மானம் அந்த சதவீதத்துக்குள்ளயே அடங்கிடுச்சுன்னு சட்டம் எடுத்துக்கும்.

கணக்குப் புத்தகம் எழுதி லாபம் காட்டறவருக்கு மட்டும்தான் தேய்மானம். கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம். பிரிண்டர், ஸ்கேனர் மாதிரி துணைக் கருவியும் கம்ப்யூட்டரோட பகுதிதான்னு தில்லி உயர் நீதிமன்றம் 2010-ல சொல்லியிருக்கு. கேப்சர் கார்டையும் அந்த வரிசையில வைக்கலாம்ங்கறது என் கருத்து. கேமராவுக்கு 15 சதவீதம்தான். அதனால கேமராவும் கார்டும் சேர்த்து வாங்கினா பில்லுல தனித்தனி வரியா போடச் சொல்லுங்க. 'கிட்'னு ஒரே வரியா வாங்காதீங்க.

பத்தாயிரத்துல 40 சதவீதம் ரூ.4,000. உங்க வரி விகிதம் 20 சதவீதம்னா மிச்சம் ரூ.800, செஸ் சேர்த்து ரூ.832. அக்டோபர் முதல் வாரத்துக்கு அப்புறம் வாங்கி 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சா முதல் வருஷம் அதுல பாதி, ரூ.416. இதுவும் வரி கட்டறவங்களுக்கு. புது வரி முறையில 2025-26 நிதியாண்டுலேர்ந்து, மூலதன ஆதாயம் மாதிரி தனி விகித வருமானம் நீங்கலா, ரூ.12 லட்சம் வரைக்கும் வரி பூஜ்யம். அந்த எல்லைக்குள்ள இருக்கறவங்களுக்கு இந்த வருஷ மிச்சமும் பூஜ்யம். இப்போதான் வளர்ற பல சேனல்கள் இந்தக் கூட்டத்துலதான் இருக்கும்.

அந்த ரூ.1,800 ஜி.எஸ்.டி.? பதிவு பண்ணியிருந்தா, பில்லுல உங்க ஜி.எஸ்.டி. எண் இருந்தா, உள்ளீட்டு வரவா எடுக்கலாம். எடுத்தா அந்த ரூ.1,800-க்குத் தேய்மானம் கேக்கக் கூடாது. ஆன்லைன்ல சாதாரணக் கணக்குல ஆர்டர் பண்ணினா பில்லுல எண் வராது, வரவும் கிடையாது. இதுல இன்னொரு முடிச்சு: விளம்பர வருமானம் வெளிநாட்டு கூகுள் நிறுவனத்துக்கிட்டேயிருந்து வர்றதால அது ஏற்றுமதி. வரி கட்டாம ஏற்றுமதி பண்றவங்க தேங்கின வரவைத் திரும்பக் கேக்கலாம். ஆனா மூலதனப் பொருளுக்குக் கட்டின வரி அந்த ரீஃபண்ட் கணக்குல சேராது. உள்ளூர் ஸ்பான்சர் யாராவது வந்து, அதுக்கு நீங்க ஜி.எஸ்.டி. கட்டும்போதுதான் அந்த ரூ.1,800 உபயோகமாகும். ஸ்பான்சர் இல்லாத சேனல்ல அது லெட்ஜர்ல அழகா உக்காந்திருக்கும், அவ்வளவுதான்.

கடையில ரொக்கமா குடுத்து வாங்கறவங்களுக்கு: ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு ரூ.10,000-க்கு மேல ரொக்கம் குடுத்தா அந்தத் தொகை சொத்தோட விலையிலேயே சேராது, தேய்மானமும் கிடையாது. யு.பி.ஐ.-ல அனுப்புங்க.

பார்சல் வந்த அன்னிக்கு

ரிட்டர்ன் கெடு முடியறதுக்குள்ள ஒரு முழு கேசட்டை ஓட்டிப் பாருங்க. அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு 'நல்லா வருது'ன்னு விட்டுடறாங்க. சவுண்டு தள்ளிப் போற கோளாறு ரெண்டாவது மணி நேரத்துலதான் தெரியும். கல்யாண கேசட்னா கடைசிப் பகுதிக்குப் போய், தவில் குச்சி விழறதும் சத்தம் வர்றதும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. தொண்ணூறுகள் வீடியோல நாதஸ்வரத்தை எடுத்துட்டு மேல சினிமாப் பாட்டை ஓட்டியிருப்பாங்க, அதுல இது கண்டுபிடிக்க முடியாது. யாராவது மைக்ல வாழ்த்திப் பேசற இடம் இருந்தா அதை எடுங்க. அந்தச் சினிமாப் பாட்டாலதான் இன்னொரு எச்சரிக்கையும்: யூடியூப்ல 'அன்லிஸ்டட்'ல போட்டு வச்சா அதுவே பேக்கப்னு நினைக்காதீங்க. காப்புரிமைக் கோரிக்கை வந்து சவுண்டு போயிடலாம்.

ஆட்கள் நடக்கும்போது உருவத்தோட ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிஞ்சா கார்டு கெட்டதுன்னு திருப்பி அனுப்பிடாதீங்க. பழைய டி.வி. முறையில ஒரு ஃப்ரேமை ரெண்டு பாதியா பிரிச்சுப் பதிவு பண்ணுவாங்க, அது கம்ப்யூட்டர் திரையில அப்படித்தான் தெரியும். ஓ.பி.எஸ்.-ல 'டீஇன்டர்லேசிங்'ல 'யாடிஃப் 2எக்ஸ்' போடுங்க, வெளியீட்டை வினாடிக்கு 50 ஃப்ரேம்னு வைங்க. சீப்புப் பல் போயிடும்.

ஸ்டூடியோக் கூலி, டெக் விலை, கேசட் எண்ணிக்கை மூணையும் போட்டா சமநிலை எத்தனாவது கேசட்னு காட்டற எக்செல் ஷீட்டை இந்த வாரம் வீடியோவுக்குக் கீழே போட்டிருக்கேன். பரண்லேர்ந்து பெட்டியை இறக்கி எண்ணிட்டு வந்து, உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க.